வைஃபை கேள்வி–பதில்: எந்த ரூட்டரோடு சேர்வது என்பது யார் முடிவு?

வீட்டில் ரூட்டரை எங்கே வைப்பது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பல, ரூட்டரை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தைப் பற்றிக் கேட்கின்றன. கணினியோ செல்பேசியோ எந்த ரூட்டரோடு சேர்வது என்பதை எப்படி முடிவு செய்கிறது, அந்த முடிவுக்காக அதன் உள்ளே இருக்கும் நிரல்கள் ஒன்றோடொன்று என்ன பேசிக்கொள்கின்றன என்பதே அவர்களுடைய கேள்வி. இந்த இதழில் அந்த ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ‘டிரைவர்’ என்று கீழே வரும் இடங்களிலெல்லாம், வைஃபை சிப்புக்கும் இயக்க முறைமைக்கும் நடுவே நின்று வேலை செய்யும் நிரலையே குறிப்பிடுகிறேன். ‘அணுகுபுள்ளி’ என்பது ரூட்டரில் வைஃபை அலைகளை அனுப்பிப் பெறும் பகுதி. ஒரே பெட்டிக்குள் அப்படி இரண்டு மூன்று இருப்பதுண்டு.

கேள்வி: எங்களுடையது மாடி வீடு. கீழே ஒரு ரூட்டர், மேலே ஒரு ரூட்டர். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். கீழே வேலை பார்த்துவிட்டு மடிக்கணினியோடு மாடிக்குப் போனால், அங்கேயும் அது கீழ் ரூட்டரையே பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறது. வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. குறை ரூட்டரிலா, கணினியிலா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: கணினியில்தான். வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரநிலையில், எந்த அணுகுபுள்ளியோடு சேர்வது என்ற உரிமை முழுவதும் சேர வரும் கருவிக்கே விடப்பட்டிருக்கிறது. அணுகுபுள்ளி ‘இடமில்லை’ என்று மறுக்கலாம். 2011-இல் வந்த 802.11வி திருத்தத்துக்குப் பிறகு ‘அந்தப் பக்கம் போனால் உனக்கு நல்லது’ என்று பரிந்துரைக்கவும் செய்யலாம். ஆனால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக அதனால் முடியாது. எப்போது மாறுவது, எதைப் பார்த்து மாறுவது என்ற கணக்கையும் தரநிலை வகுத்துத் தரவில்லை என்பதால், ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்குத் தோன்றிய வழியில் செய்துகொள்கிறார்கள்.

உங்கள் கணினியில் நடப்பது இது. முதலில் சேரும்போது அது சுற்றிலும் கேட்டுப் பார்த்து, வலுவாகக் கேட்ட கீழ் ரூட்டரைத் தேர்ந்தெடுத்தது. அதன் பிறகு தொடர்பு அறுந்து போகாதவரை மீண்டும் தேடிப் பார்க்க அதற்குக் காரணம் இல்லை. அணைத்துப் போடும்போது புதிதாகத் தேடுகிறது, மாடி ரூட்டர் கிடைத்துவிடுகிறது. மறுதேடலைத் தொடங்க வேண்டியது யார் என்பதில்தான் சிக்கல். சிப்பின் உள்ளே ஓடும் ஃபர்ம்வேர், அதற்கு மேலே டிரைவர், அதற்கும் மேலே நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்ளும் நிரல் என்று மூவர் இருக்கிறார்கள். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று மூவருமே ஒதுங்கிக்கொண்டால், நீங்கள் மாடியில் உட்கார்ந்து கீழ் ரூட்டரோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

உடனடித் தீர்வாக, விண்டோஸ் கணினியாக இருந்தால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் பண்புகளைத் திறந்து, ‘ரோமிங் அக்ரெசிவ்னெஸ்’ என்ற அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் அட்டைகளில் இது உண்டு. நடுவில் இருப்பதை ஒரு படி உயர்த்திப் பாருங்கள். ஒரேயடியாக உச்சத்துக்கு ஏற்றினால் இரண்டு ரூட்டர்களுக்கும் நடுவே மாறி மாறித் தாவிக்கொண்டிருக்கும். அது இப்போதைய தொல்லையைவிடப் பெரிய தொல்லை.

கேள்வி: இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஒரு வைஃபை சிப்புக்கு லினக்ஸ் டிரைவர் எழுத இருக்கிறோம். அணுகுபுள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்காக மேலேயுள்ள நிரலுக்கு டிரைவர் என்னென்ன கட்டளைகளைத் தர வேண்டும்? ‘பெயரைச் சொல், சேர்ந்துவிடுகிறேன்’ என்ற ஒரே கட்டளை போதும் என்பது எங்கள் குழுவில் ஒருவருடைய கருத்து.
— பொறியியல் மாணவர்கள், கோவை

பதில்: உங்கள் நண்பர் நினைப்பதைப் போலத்தான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் ழான் டூரில்ஸ் என்பவர் லினக்ஸுக்காக உருவாக்கிய ‘வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்ற இடைமுகம் அந்த எண்ணத்தில் எழுந்ததே. ‘ஐடபிள்யூகான்ஃபிக்’ என்ற கட்டளையைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது இந்த இடைமுகத்தின் மேல் அமர்ந்திருந்தது. பெயரை வைப்பதற்கு ஒரு அழைப்பு, சாவியைக் கொடுப்பதற்கு ஒன்று, சேனலைச் சொல்வதற்கு ஒன்று, குறிப்பிட்ட அணுகுபுள்ளியின் முகவரியைச் சொல்வதற்கு இன்னொன்று என்று ஒவ்வொரு விவரமும் தனித்தனி அழைப்பாக, இயக்க முறைமையின் மையப் பகுதியான கெர்னலுக்குப் போகும். அக்காலத்து அட்டைகளுக்கு அது போதுமானதாகவே இருந்தது. அந்த எளிமையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறை, அந்த அழைப்புகளின் வரிசையில் ஒளிந்திருந்தது. எல்லா விவரமும் வந்து சேர்ந்துவிட்டதா, இன்னும் வருமா என்பது டிரைவருக்குத் தெரியாது. ஆகவே, பெயர் வந்ததும் சேரத் தொடங்கலாம் என்று பல டிரைவர்கள் எழுதப்பட்டன. பெயரைக் கடைசியாகக் கொடுக்க வேண்டும் என்பது எழுதப்படாத மரபாக இருந்தது. அந்த மரபு தெரியாதவர்கள் அடிபட்டார்கள், நானும் அடிபட்டிருக்கிறேன். அப்போது என் மடிக்கணினியில் ஒரு செருகு அட்டை இருந்தது. இணைப்பை ஏற்படுத்த நான்கு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். முதல் வரியில் பெயர், இரண்டாவது வரியில் சாவி. என் ரூட்டருக்குத் தொழிற்சாலையில் வைத்த பெயரை நான் மாற்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் மாற்றவில்லை. இரண்டும் ஒரே நிறுவனத்துப் பெட்டிகள். அவர் சாவியே போடாமல் திறந்து வைத்திருந்தார். முதல் வரி ஓடியதும் டிரைவர் அவருடைய ரூட்டரோடு போய்ச் சேர்ந்துகொண்டது. அடுத்த நொடியில் என் சாவி வந்தது. அதன் பிறகு அனுப்பிய ஒவ்வொரு பொட்டலத்தையும் அது பூட்டி அனுப்ப, அந்த ரூட்டர் ஒன்றும் புரியாமல் அவற்றைக் கீழே போட்டது. திரையிலோ ‘சேர்ந்துவிட்டது, அலைவலு நன்று’ என்ற செய்தி. ஐபி முகவரி மட்டும் வரவே இல்லை. இரண்டு மாலைகள் வீணான பிறகு, அந்த இரண்டு வரிகளை மேல்கீழாக மாற்றிப் போட்டதும் எல்லாம் சரியாயிற்று.

இதிலிருந்து உங்கள் டிரைவருக்கு முதல் விதி கிடைக்கிறது: சேரச் சொல்லும் வேண்டுகோள் முழுமையாக, ஒரே கட்டளையாக வர வேண்டும். பெயர், பாதுகாப்பு வகை, சாவி பற்றிய விவரம், வேண்டுமானால் அணுகுபுள்ளியின் முகவரி, அலைவரிசை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தால், அதை ஏற்பதா மறுப்பதா என்று டிரைவர் முழுதாகப் பார்த்துச் சொல்ல முடியும். இன்றைய லினக்ஸில் யோஹான்னஸ் பெர்க் முன்னின்று வளர்த்த ‘சிஎஃப்ஜி80211’, ‘என்எல்80211’ என்ற அடுக்குகள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. 2009-இல் அவற்றில் சேர்க்கப்பட்ட ‘கனெக்ட்’ கட்டளை இத்தகைய ஒரே உறை. சேரும் படிகளைத் தானே ஒவ்வொன்றாக நடத்த விரும்பும் மேல்நிரலுக்கு ‘ஆதென்டிகேட்’, ‘அசோசியேட்’ என்று இரண்டு கட்டளைகள் தனியாக இருக்கின்றன. உங்கள் சிப் எந்த வகை என்பதைப் பொறுத்து இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் பாதி பாதியாகச் செய்யாதீர்கள்.

இரண்டாவது விஷயம் தேடல். நண்பர் சொல்வதைப் போலப் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டால், எதைக் கேட்டது, எதை ஒதுக்கியது என்பதெல்லாம் டிரைவரின் வயிற்றுக்குள்ளேயே போய்விடும். மேலேயுள்ள நிரல் குருடாகிவிடும். எனவே தேடுவது தனிக் கட்டளையாக இருக்க வேண்டும். அதன் விடை ஒரு பட்டியலாக வெளியே வர வேண்டும். என் வீட்டில் தேடிப் பார்த்தால் பட்டியலில் இரண்டு வரிகள் இப்படி இருக்கும்: முதல் வரி, 5180 மெகாஹெர்ட்ஸ், வலு −4800, கேட்டு 40 மில்லிவினாடி ஆயிற்று, இரண்டாவது வரி, அதே பெயர், 2437 மெகாஹெர்ட்ஸ், வலு −7100, கேட்டு 14,200 மில்லிவினாடி ஆயிற்று.

இந்த இரண்டு வரிகளில் கவனிக்க நிறைய இருக்கிறது. வலு என்பது −4800 என்று ஏன் வருகிறது? அலைவலுவை அளக்கும் டிபிஎம் என்ற அலகில் −48 என்பதை நூறால் பெருக்கியிருக்கிறார்கள். கெர்னலுக்குள் பதின்மப் புள்ளி எண்களைப் பயன்படுத்துவதில்லை என்பதால் இந்த வசதி. அதைவிட முக்கியமானது, அது ஓர் உண்மையான இயற்பியல் அலகு என்பது. பழைய டிரைவர்கள் தாமே வகுத்த அளவுகோலில் ‘70-க்கு 55’, ‘100-க்கு 82’ என்று தந்தன. ஒரு டிரைவரின் 55-ஐ இன்னொன்றின் 55-ஓடு ஒப்பிட முடியாது. டிபிஎம் கணக்கில் மேலேயுள்ள இரண்டு வரிகளுக்கும் வேறுபாடு 23 டெசிபெல். அதாவது முதலாவது ஏறத்தாழ இருநூறு மடங்கு வலுவாகக் கேட்கிறது. உங்கள் சிப் டிபிஎம்மில் அளந்து தரவில்லை என்றால், ‘அலகு இல்லாத 0 முதல் 100 வரை’ என்று அறிவிக்கவும் வழி இருக்கிறது. தெரியாத அளவை டிபிஎம் போல ஒப்பனை செய்து அனுப்புவதைவிட அது நேர்மையானது.

கேட்டு எத்தனை நேரம் ஆயிற்று என்ற எண்ணைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 14 வினாடியில் ஒருவர் கூடத்திலிருந்து மொட்டை மாடிக்குப் போய்விடலாம். அப்போதைய −71 இப்போது எதையும் சொல்லாது. சிஎஃப்ஜி80211 தன் பட்டியலில் 30 வினாடிக்கு மேல் பழையதாகிப்போன வரிகளைக் கழித்துக் கட்டுகிறது. அதற்கு உட்பட்டவற்றை வயதோடு சேர்த்து மேலே கொடுத்து, எதை நம்புவது என்பதை நிரலிடம் விடுகிறது.

இன்னொன்று: அணுகுபுள்ளி தன் இருப்பை அறிவிக்க ஒலிபரப்பும் பீக்கன் செய்தியில் உள்ள கூறுகளை, உங்கள் டிரைவருக்குப் புரிந்தாலும் புரியாவிட்டாலும், பைட்டு மாறாமல் மேலே அனுப்புங்கள். பாதுகாப்பு வகை 48-ஆம் எண் கூறில் வருகிறது. 2018-இல் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை அறிவிக்கப்பட்டபோது அந்தக் கூறுக்குள் புதிய எண்கள் புகுந்தன. கூறை அப்படியே மேலே கடத்திய டிரைவர்களின் தேடல் பகுதியில் கைவைக்க வேண்டியிருக்கவில்லை. ‘எனக்குத் தெரிந்ததை மட்டும் மொழிபெயர்த்துச் சொல்வேன்’ என்று எழுதப்பட்ட டிரைவர், தனக்குப் பிறகு பிறந்த எதையும் சொல்ல முடியாமல் நின்றுவிடும்.

பழைய இடைமுகத்தில் பட்டியலின் நீளத்தைக் குறிக்க 16 பிட் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெரிசலான அடுக்குமாடிக் குடியிருப்பில் அணுகுபுள்ளிகள் பெருகிப் பட்டியல் 64 கிலோபைட்டைத் தாண்டினால், பட்டியலே கைக்கு வராது. பிழைச்செய்தி மட்டும் வரும். நெரிசலான இடத்தில்தானே தேர்வு தேவைப்படுகிறது! புதிய இடைமுகம் ஒவ்வொரு அணுகுபுள்ளியையும் தனிச் செய்தியாக அனுப்புவதால் அந்த வரம்பு போய்விட்டது.

கடைசியாகத் தேடலுக்கு ஆகும் நேரம். அணுகுபுள்ளிகள் பொதுவாக 102.4 மில்லிவினாடிக்கு ஒருமுறை பீக்கன் அனுப்புகின்றன. எதுவும் பேசாமல் காத்திருந்து கேட்பதானால் ஒவ்வொரு சேனலிலும் அவ்வளவு நேரமாவது தங்க வேண்டும். நாற்பது சேனலுக்கு நான்கு வினாடி ஆகிவிடும். ராடாருக்கு வழிவிட வேண்டிய 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களில் குரல் கொடுத்துத் தேட அனுமதி இல்லை என்பதால், அங்கே காத்திருப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. இணைப்பில் இருக்கும்போதே தேடுவதானால், ‘நான் சற்றுத் தூங்குகிறேன், எனக்கு வருவதை எடுத்து வை’ என்று அணுகுபுள்ளியிடம் சொல்லிவிட்டு, ஒரு சேனலைக் கேட்டு, திரும்பி வந்து, மறுபடியும் போக வேண்டும். ஆகவே தேடல் கட்டளையில் எந்தெந்த அலைவரிசைகள், எந்தெந்தப் பெயர்கள் என்று சுருக்கிச் சொல்ல இடம் வையுங்கள்; வேலை முடிந்ததும் நிகழ்வாக அறிவியுங்கள்; நடுவில் நிறுத்தப்பட்டால் ‘நிறுத்தப்பட்டது’ என்று சொல்லுங்கள், அரைகுறைப் பட்டியலை முழுப்பட்டியல் போலத் தராதீர்கள்.

கேள்வி: நாங்கள் பயன்படுத்தும் சிப்பில் ஃபர்ம்வேரே அணுகுபுள்ளிகளைத் தேடி, தேர்ந்து, மாறிக்கொள்ளும். ஆனால் மேலேயுள்ள நிரல் ஒரு குறிப்பிட்ட முகவரியைச் சொல்லிச் சேரச் சொல்கிறது. ஃபர்ம்வேர் வேறு ஒன்றுக்குத் தாவுகிறது. நிரல் திரும்ப இழுக்கிறது. யார் சொல்வதை டிரைவர் கேட்க வேண்டும்?
— உட்பொதி மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: இந்த இழுபறி பழையது. யௌனி மாலினென் எழுதிய, லினக்ஸில் வைஃபை இணைப்பைக் கவனித்துக்கொள்ளும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற மேல்நிரலின் அமைப்புக் கோப்பைத் திறந்தால், ‘ஏபி ஸ்கேன்’ என்ற ஓர் அமைப்பைக் காண்பீர்கள். அதில் 1 என்றால் நிரலே தேடித் தேர்ந்தெடுக்கும். 0 என்றால் தேடுவதும் தேர்வதும் டிரைவரின் பொறுப்பு. 2 என்றால் பெயரையும் பாதுகாப்பு வகையையும் நிரல் சொல்லும்; எந்தப் பெட்டி என்பதை டிரைவர் பார்த்துக்கொள்ளும். டிரைவர்கள் ஆளுக்கொரு விதமாக நடந்துகொண்ட காலத்தின் தழும்பு அந்த மூன்று எண்கள். எந்த அட்டைக்கு எந்த எண் என்பதைப் பயனர்தான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. டிரைவர் தன் திறமையைத் தானே அறிவித்திருந்தால் அந்தத் தொல்லையே இருந்திருக்காது.

என் கருத்தில், இந்த இரண்டு தரப்பில் ஒன்றை எப்போதும் சரி என்று சொல்ல முடியாது. ஃபர்ம்வேருக்கு வேகம் இருக்கிறது. கணினியின் மையச் செயலி உறங்கும்போதும் அது விழித்திருக்கும். நடந்துகொண்டே பேசும் அழைப்பு அறுந்துபோகாமல் மில்லிவினாடிக் கணக்கில் மாற அதனால் முடியும். மேல்நிரலுக்கோ விவரம் தெரியும்: எந்த நெட்வொர்க்குக்குப் பயனர் முன்னுரிமை கொடுத்தார், எந்த அணுகுபுள்ளி பத்து நிமிடத்துக்கு முன் மூன்று முறை ஏமாற்றியது என்பதெல்லாம் அதன் நினைவில் இருக்கும். எனவே யார் முடிவெடுக்கிறார் என்பதை ஒவ்வொரு கட்டளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இருவரும் தமக்கே உரிமை என்று எடுத்துக்கொள்வார்கள்.

லினக்ஸ் இதை 2014-இல் ஓரளவு தீர்த்தது. சேரும் கட்டளையில் முகவரியை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். ஒன்று கட்டாயம்: இந்த முகவரியைத் தவிர வேறு எதிலும் சேராதே. மற்றொன்று குறிப்பு: முதலில் இதை முயன்று பார், பின்னர் உனக்குத் தெரிந்தபடி மாறிக்கொள். உங்கள் டிரைவர் இந்த இரண்டையும் வேறுபடுத்துகிறதா என்று முதலில் பாருங்கள். நீங்கள் விவரிக்கும் இழுபறியில், கட்டாயம் என்று வந்ததை டிரைவர் குறிப்பாக எடுத்துக்கொண்டிருக்கலாம். அல்லது ஃபர்ம்வேர் தானே மாறும் என்ற திறமையை டிரைவர் அறிவிக்காததால், நிரல் அந்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கலாம். அறிவிப்பதற்கென்று ஒரு கொடி இருக்கிறது. அதை உயர்த்திவிட்டால் நிரல் ஒதுங்கிக்கொள்ள வழி கிடைக்கும். ஃபர்ம்வேர் மாறிய பிறகு புதிய முகவரியோடு ‘ரோம்’ நிகழ்வை மேலே அனுப்ப மறந்துவிடாதீர்கள். சொல்லாமல் வீடு மாறியவரைத் தேடுவதைப் போல நிரல் பழைய முகவரியிலேயே தட்டிக்கொண்டிருக்கும்.

ஃபர்ம்வேர் தேர்ந்தெடுக்கட்டும், ஆனால் நான் சொல்லும் அளவுகோலில் தேர்ந்தெடுக்கட்டும் என்பதற்கும் 2016 முதல் ஒரு வழி இருக்கிறது. வலுவை மட்டும் பார், இந்த அலைப்பட்டைக்கு முன்னுரிமை கொடு, அல்லது இந்தப் பட்டையில் கேட்டவற்றுக்கு இத்தனை டெசிபெல் கூட்டிக்கொள் என்ற மூன்றில் ஒன்றைக் கட்டளையோடு அனுப்பலாம். எல்லைக்கோட்டை நிரல் வைத்து, காவலை ஃபர்ம்வேர் பார்க்கும் ஏற்பாடும் உண்டு: ‘வலு −70-க்குக் கீழே போனால் எழுப்பு, 4 டெசிபெல் ஊசலாட்டத்தைப் பொருட்படுத்தாதே’ என்று சொல்லிவிட்டால் நிரல் நிம்மதியாக இருக்கலாம். திருச்சி வாசகியின் மடிக்கணினிக்குத் தேவைப்பட்டது இந்த எழுப்புதல்தான்.

கேள்வி: அதிகக் கோடுகள் காட்டும் அணுகுபுள்ளியைத் தேர்ந்தால் முடிந்தது, இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: ஒரே பெட்டியிலிருந்து ஒரே திறனில் வந்தாலும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 5 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட 6 டெசிபெல் அளவுக்கு வலுவாகக் கேட்கும். சுவர்கள் குறுக்கே வந்தால் வேறுபாடு இன்னும் கூடும். கோடுகளை மட்டும் பார்த்தால் எப்போதும் 2.4-இல் போய் உட்காருவோம். அங்கேதான் அக்கம்பக்கத்தார் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அந்தப் பட்டையில்தான். எத்தனை கருவிகள் சேர்ந்திருக்கின்றன, சேனல் எவ்வளவு நேரம் நிரம்பிக் கிடக்கிறது என்பதைப் பல அணுகுபுள்ளிகள் தம் பீக்கனில், 11-ஆம் எண் கூறில், தாமே சொல்லிவிடுகின்றன. கூறுகளை அப்படியே மேலே அனுப்புங்கள் என்று கோவை மாணவர்களுக்குச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: கடவுச்சொல் தவறாக இருந்தாலும், ரூட்டரில் இடமில்லாவிட்டாலும், தொலைவில் இருந்தாலும் ‘இணைக்க முடியவில்லை’ என்ற ஒரே செய்திதான் வருகிறது. உண்மைக் காரணத்தைச் சொல்வதில் என்ன கஷ்டம்?
— கணினி மைய நடத்துநர், யாழ்ப்பாணம்

பதில்: பாதிக் கஷ்டம் உண்மையானது, பாதி சோம்பல். இடமில்லை என்றால் அணுகுபுள்ளி 17 என்ற நிலைக் குறியீட்டைத் தெளிவாகவே அனுப்புகிறது. அதை டிரைவர் ‘தோல்வி’ என்று சுருக்கிவிட்டால், மேல்நிரல் அதே பெட்டியின் கதவையே மீண்டும் மீண்டும் தட்டும். 17 என்று அப்படியே சொல்லியிருந்தால் அடுத்த அணுகுபுள்ளிக்குப் போயிருக்கும். பதிலே வரவில்லை என்பதும் மறுக்கப்பட்டது என்பதும் வேறு வேறு. இவற்றை ஒன்றாகக் கொட்டுவது டிரைவர் எழுதுபவரின் சோம்பல்.

கடவுச்சொல்லின் கதை வேறு. டபிள்யூபிஏ3-க்கு முந்தைய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2-இல் அணுகுபுள்ளி ‘உன் கடவுச்சொல் தவறு’ என்று ஒருபோதும் சொல்வதில்லை. சேர்வது வெற்றிகரமாக முடிந்து, அதற்குப் பின் நடக்கும் நான்கு கட்டக் கைகுலுக்கலில் கணக்கு ஒத்துப்போகாமல், காலக்கெடு தாண்டியதும் 15 போன்ற ஒரு காரண எண்ணோடு வெளியே தள்ளிவிடும். அலை பலவீனமாக இருந்து செய்தி தொலைந்தாலும் இதே விளைவுதான். ஆகவே ‘கடவுச்சொல் தவறாக இருக்கலாம்’ என்று நிரல் தயங்கிச் சொல்வது சரியே. எந்தக் கட்டத்தில், எந்த எண்ணோடு, யாருடைய முடிவால் தொடர்பு அறுந்தது என்ற மூன்றையும் டிரைவர் சொன்னால்தான் நிரலுக்கு அந்த ஊகமாவது சாத்தியம்.

கேள்வி: பெயர் ஒன்றாக இருந்தால் அவை ஒரே நெட்வொர்க் என்று எடுத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: கூடாது. பெயர் என்பது 32 பைட்டுக்குள் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளும் பலகை. விமான நிலையத்தில் அதே பெயரோடு பொய் அணுகுபுள்ளி ஒன்றை நிறுத்துவது சிரமமில்லை. பெயரும் பாதுகாப்பு வகையும் சேர்ந்துதான் அடையாளம். கடவுச்சொல்லோடு சேமித்து வைத்த நெட்வொர்க், அதே பெயரில் திறந்த நிலையில் கேட்டால், அதில் டிரைவர் தானாகச் சேரவே கூடாது; முகவரியும் நம்பத்தக்கதல்ல, அதையும் நகலெடுக்கலாம்.

கேள்வி: இவ்வளவு இழுபறிக்குப் பதிலாக, தேர்வை முழுக்க கெர்னலுக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன? வைஃபை 7 வந்த பிறகு இந்த இடைமுகமெல்லாம் பழையதாகிவிடுமா?
— கோவை மாணவர்களின் இரண்டாவது கடிதம்

பதில்: வைத்திருக்கிறார்கள். 2018-இல் வெளிவந்த ஓப்பன்பிஎஸ்டி 6.4 என்ற இயக்க முறைமையில், ‘ஜாய்ன்’ என்ற சொல்லோடு தெரிந்த நெட்வொர்க்குகளை வரிசையாகக் கொடுத்துவிட்டால், கெர்னலே கேட்டுப் பார்த்துப் பொருத்தமானதில் சேர்ந்துகொள்ளும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வரும் ஒருவருக்கு அது மிகவும் கச்சிதமான ஏற்பாடு. ஆயினும் பெரிய நிறுவன நெட்வொர்க்குகளில் சான்றிதழ் சரிபார்ப்பு, பயனர் விருப்பம், சென்றமுறை நடந்த தோல்விகளின் நினைவு என்று சேரச் சேர, அவற்றையெல்லாம் கெர்னலுக்குள் கொண்டுபோவதை நான் விரும்ப மாட்டேன்.

வைஃபை 7 பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. அதில் ஒரே இணைப்பு 2.4, 5, 6 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளில் பல கிளைகளாக ஒரே நேரத்தில் ஓடலாம். அப்போது ‘எந்த அணுகுபுள்ளி’ என்பதற்கு ஒரு முகவரியை விடையாகத் தர முடியாது. பெட்டிக்கு ஒரு முகவரி, அதன் ஒவ்வொரு கிளைக்கும் ஓர் எண், ஒரு முகவரி, ஓர் அலைவரிசை என்று ஒரு தொகுதியாகத் தர வேண்டும். என்எல்80211-இன் சேரும் கட்டளையில் இந்தத் தொகுதிக்கு இடம் சேர்க்கப்பட்டுவிட்டது. முதலிலிருந்தே உறையாக இருந்ததால் உள்ளே இன்னொரு தாளை வைக்க முடிந்தது. தனித்தனி அழைப்புகளாலான பழைய வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸால் அது இயலவில்லை. வைஃபை 7 கருவிகளுக்கு அந்த இடைமுகத்தை லினக்ஸ் தருவதே இல்லை. உங்கள் திட்டப்பணியில் ஐடபிள்யூகான்ஃபிக் வேலை செய்ய வேண்டும் என்று வழிகாட்டி கேட்டால், இதைக் காட்டி அந்த வேலையைக் கழித்துக்கொள்ளுங்கள்.